சாவின் காரணம்: நாய்

செத்துக் கிடக்கும் மாடு எதனால் செத்தது என்று தெரிந்துகொள்ள மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். பல் பதிந்த தடம் இருந்தால் அந்த இடத்தில் தோலை உரித்து, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கட்டியிருந்தால் கடிபட்டபோது மாடு உயிரோடு இருந்தது. இல்லையென்றால் செத்ததைத்தான் ஏதோ வந்து கடித்திருக்கிறது. அடுத்தது வாயைத் திறந்து பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. கடைசியாகத் தொடை எலும்பைக் கோடரியால் பிளந்து உள்ளே இருக்கும் கொழுப்பைப் பார்க்க வேண்டும். பட்டினி கிடக்கும் மாடு தன் உடம்பில் கடைசியாகச் செலவழிக்கும் கொழுப்பு அதுதான். அது வெள்ளையாக, உறைந்த நெய்போல இருந்தால் மாடு நன்றாகத் தின்று வாழ்ந்திருக்கிறது. சிவந்து கூழாகி விரலில் ஒட்டினால், எந்த மிருகமும் வராமலே இன்னும் சில வாரங்களில் அது செத்திருக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மாட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது.

கால்நடை இலாகாவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். குறுக்கு வழியில் போனவர்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்; அவற்றில் இரண்டு அழகான கடிதங்கள் என்று இன்றும் நினைக்கிறேன். நான் இந்த வரிசையை ஒரே ஒரு சமயம் மீறினேன். அது ஓய்வுபெற்ற பிறகு, என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப யாரும் இல்லாத காலத்தில், என் மச்சானுக்காக.

மச்சான் என் மனைவியின் தம்பி. சுங்கை பாக்காப்பைத் தாண்டி எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் மாடு வளர்க்கிறார். தோட்டத்துக்குச் சொந்தமான நிலம். மாடுகள் மட்டும் அவருடையவை. பனைகளுக்கு இடையில் முளைக்கும் புல்லையும் கொடியையும் மாடுகள் மேய்வதால் தோட்டத்துக்குக் களைக்கொல்லி மிச்சம். அதனால் மேனேஜர் ஆண்டுக்கு ஒரு கடிதம் கொடுப்பார். அந்தக் கடிதத்தில் இரண்டே நிபந்தனைகள். மாடுகள் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. மறுநடவுப் பகுதியில் இருக்கும் இளம்பனைகளைத் தொடக் கூடாது. கடிதம் நின்றுபோனால் மச்சானுக்கு மாடுகளைக் கொண்டுபோய் நிறுத்த ஒரு முழம் நிலம் கிடையாது. வேறு வேலையும் தெரியாது. மாட்டைத் தவிர எதைப் பற்றிப் பேசினாலும் அவர் முகம் கொஞ்ச நேரத்தில் வெறுமையாகிவிடும்.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பதினொன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். மகள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் மாத்திரைப் பெட்டியைத் தணிக்கை செய்துவிட்டுப் போவாள். காலையில் கீழே இறங்கி, முக்குக் கடையில் ரொட்டி சானாய் தின்று, நாளிதழில் இலாகாக்கள் வெளியிடும் அறிக்கைகளில் பிழை பார்ப்பது என் வேலை. அப்படி ஒரு காலையில்தான் மச்சான் கூப்பிட்டார்.

“அத்தான், கன்னு ஒன்னு போச்சு லா. நாய் புடிச்சிருச்சு.”

“கன்னைத் தொட்டியா?”

“தொடல.”

“தொடாத. வரேன்.”

தீவிலிருந்து கடலைக் கடக்கும் இரண்டாம் பாலத்தின் வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது கன்று ஒரு பனையடியில் கிடந்தது. பிறந்து மூன்று வாரம் இருக்கும். கழுத்தில் தடம் இருந்தது. கத்தியால் தோலை விலக்கினேன். உள்ளே கறுத்த ரத்தம். சந்தேகமில்லை, நாய்கள்தான் கொன்றிருந்தன. தாய்ப்பசு தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் நாய்முடி ஒட்டியிருந்தது.

நாய்கள் எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் வீடு மாறிப் போகிறவர்கள் நாயைக் காரில் ஏற்றித் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். இறக்கிவிடப்பட்டதில் பாதி செத்துப்போகும். மீதி ஒன்றுசேர்ந்து வேட்டையாடக் கற்றுக்கொள்ளும். இங்கே ஏழெட்டு நாய்கள் இருந்தன. வரிவரியான உடம்பும் கிழிந்த காதும் கொண்ட ஒரு பெட்டை முன்னால் போகும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைப்பு. இந்த முறை செத்தது கிழட்டுப் பசு. வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. நான் போவதற்குள் மச்சான் அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தி, நெற்றியில் குங்குமம் வைத்து, தோட்டத்து பேக்ஹோவை வரவழைத்துக் குழியும் தோண்டிவிட்டார். அவருடைய மனைவி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்.

நான் காரிலிருந்து கோடரியை எடுத்தேன்.

“அது எதுக்கு?” என்றார் மச்சான்.

“தொடை எலும்பைப் பாக்கணும்.”

“பாத்து?”

“பட்டினியா, வேற எதாச்சுமான்னு தெரியும்.”

“என் மாடு பட்டினியா, அத்தான்?”

அவர் குரல் உயரவில்லை. ஆனால் பேக்ஹோ ஓட்டுகிற மலாய்க்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் சிகரெட் பற்றவைத்தார்.

“அண்ணே, பதினாலு கன்னு ஈன்ற மாடு,” என்றார் மச்சானின் மனைவி. “காலை ஒடச்சுப் பொதைக்கச் சொல்றீங்களா? உங்க ஆபீஸ்ல வேணா அப்படிச் செய்வாங்க. நாங்க செய்ய மாட்டோம்.”

நான் கோடரியைத் திரும்ப வைத்தேன். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். மாட்டுக்காரரின் நம்பிக்கையை மதித்து, காரணத்தை விளக்கி, ஒரு சிறு இடத்தில் மட்டும் வெட்டி, பிறகு மூடிக்கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். நான் விளக்கவில்லை. என் மனைவி தன் கடைசி ஆண்டை அந்த வீட்டில்தான் கழித்தாள். அவளைக் குளிப்பாட்டிய கை அந்தச் சொம்பைப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு முன்னால் கோடரியோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மண் விழுந்தது. உள்ளே போய்த் தேநீர் குடித்தோம். இன்னும் பையில் வைத்திருந்த இலாகாப் படிவம் ஒன்றை எடுத்து, ‘சாவின் காரணம்’ என்ற கட்டத்தில் ‘நாய்’ என்று எழுதினேன்.

முதல் முறை எழுதும்போதுதான் கை கொஞ்சம் தயங்கும். அடுத்தடுத்து இன்னும் ஏழு. மொத்தம் ஒன்பது சாவு. நான்கு கன்றுகள், ஐந்து கிழட்டுப் பசுக்கள். கன்றுகளின் கழுத்தை நான் பார்த்தேன், நாய்தான். பசுக்களை யார் கொன்றார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. படிவத்துக்குத் தெரியும்.

அந்தப் படிவங்களை எழுதும்போது எனக்குள் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் அரசாங்கம் என்னை ஒரு குளிர்நாட்டுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆட்டுக்கும் மாட்டுக்குமான பயிற்சிதான். ஆனால் அங்கிருந்த பேராசிரியர் ஓநாய்ப் பித்தர். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் ஓநாயிடம் வந்துவிடுவார்.

ஒருநாள் எங்களை ஒரு கொட்டகைக்கு அழைத்துப் போனார். நீளமான மேசைகளில் வரிசையாகத் தாடை எலும்புகள். ஓநாய்கள் கொன்று தின்ற மூஸ் மான்களின் தாடைகள். மூஸ் என்பது நம் எருமையைவிட உயரமான மான். ஒரு உதை விட்டால் ஓநாயின் விலா நொறுங்கும். ஆண்டுக்கணக்கில் பனிக்காட்டில் நடந்து அவற்றைப் பொறுக்கியிருந்தார்கள். வயதுவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். இந்தக் கோடியில் பால்பல் மாறாத குட்டிகள், மேசை நிறைய. அந்தக் கோடியில் பல் தேய்ந்து மழுங்கிய கிழங்கள், மேசை நிறைய. நடுவில் இருந்த மேசையில் பாதிக்குமேல் வெறும் பலகை.

“நடுவில் இருப்பவை எங்கே?” என்று கேட்டார்.

நாங்கள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

“காட்டில் உயிரோடு இருக்கின்றன,” என்றார்.

ஓநாய் மந்தையைத் துரத்துவது பெரும்பாலும் பிடிப்பதற்காக அல்ல, சோதிப்பதற்காக என்று அவர் விளக்கினார். ஓடவிட்டுப் பார்க்கும். எது நொண்டுகிறது, எது பின்தங்குகிறது, எதற்கு மூச்சு வாங்குகிறது என்று பார்க்கும். திடமான மான் திரும்பி நின்று முறைத்தால் ஓநாய்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலான வேட்டைகள் அப்படித்தான் வெறுங்கையோடு முடியும். ஓநாய் தின்னும் கிழங்களில் பல, அந்தக் குளிர்காலத்தில் எப்படியும் விழப்போகிறவை. அவற்றைச் சேர்த்து ஓநாய் இத்தனை கொன்றது என்று எண்ணினால் கணக்கு தப்பு.

“அப்படியானால் ஓநாயால் மந்தை குறைவதே இல்லையா?” என்று நான் கேட்டேன். நான் எப்போதும் கேட்கிறவன்.

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். சில இடங்களில் குறையும் என்றார். குட்டிகளை அதிகமாகப் பிடித்தால், பனி ஆழமாக விழுந்து மான்கள் ஓட முடியாமல் போனால், மந்தை ஏற்கெனவே சிறியதாக இருந்தால், ஓநாய் அதை அழுத்தி வைத்துவிடும். வேறு இடங்களில் ஓநாய் இல்லாத மந்தை பெருகி, காட்டு மரக்கன்றுகளை மொட்டையாக மேய்ந்து, ஒரு கெட்ட குளிர்காலத்தில் கூட்டமாகச் சாகும். எது நடக்கும் என்பது இரையையும், பனியையும், மந்தையின் அளவையும் பொறுத்தது. எதைக் கேட்டாலும் கடைசியில் அவர் ‘பொறுத்தது’ என்றுதான் முடிப்பார். நான் நாடு திரும்பி அரசாங்கப் படிவங்களை ஆயிரக்கணக்கில் நிரப்பினேன். ‘பொறுத்தது’ என்று எழுத ஒரு படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆகவே, நாய்களைப் பிடிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த மனு அது. ஒன்பது சாவுக்கும் ஒன்பது படிவம், புகைப்படம், போலீஸ் புகாரின் நகல், நாய்கள் நடமாடும் இடங்களைக் குறித்த வரைபடம். எந்தப் பிரதி யாருக்குப் போக வேண்டும், மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். தட்டிக்கழிக்க யாருக்கும் ஒரு ஓட்டையும் வைக்கவில்லை. தட்டிக்கழிக்காதது அவர்கள் குற்றமல்ல.

நாய் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு வாரம் கூண்டு வைத்தார்கள். நான் போயிருந்த காலையில் லோரியில் கம்பிக்குப் பின்னால் ஆறு நாய்கள். தூரத்தில் ஓடும்போது கூட்டமாகத் தெரிந்தவை, கிட்டத்தில் பார்த்தால் தனித்தனி நாய்கள். ஒன்றின் கழுத்தில் இன்னும் பட்டை இருந்தது. மங்கிப்போன நீலம், மணி கட்டியிருந்த வளையம். கிழிந்த காதுப் பெட்டை ஓரத்தில் சுருண்டு கிடந்து, நாங்கள் பேசுவதைக் காதை அசைத்துக் கேட்டது. மச்சான் லோரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இவ்வளவுதானா? பாத்தா பாவமா இருக்கு.”

“மனுவை வாபஸ் வாங்கட்டுமா?”

“சும்மா இருங்க அத்தான்,” என்றார். அன்று மதியம் அவர் வீட்டில் எனக்கு நண்டுப் பிரட்டல்.

அடுத்த பதினெட்டு மாதங்களில் ஒரு கன்றும் சாகவில்லை. மச்சான் ஒவ்வொரு கன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திப் பதில் அனுப்புவேன். கிழட்டுப் பசுக்களும் இருந்தன. காளைக் கன்றுகளை வேறு மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். பசுவை மட்டும் விற்க மாட்டார். அவருடைய அப்பா விற்றதில்லை. அது தானாக விழுந்து, மஞ்சள் துணியோடு குழிக்குள் போக வேண்டும். மந்தை நாற்பதைத் தாண்டியது. நான் நிபந்தனையை நினைவூட்டினேன்.

“மேனேஜர் என்ன, வந்து எண்ணவா போறாரு?” என்றார்.

மேனேஜர் எண்ணவில்லை. ஆனால் புல் எண்ணியது. பனைகள் வளர்ந்து மட்டைகள் கூடிக்கொண்டு போனதால் கீழே நிழல் அதிகமாகி, புல் முன்பு போல முளைக்கவில்லை. நாய்கள் போனபின் காட்டுப்பன்றிகளும் பெருகின. அவற்றின் குட்டிகளையும் நாய்கள்தான் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன என்பது என் வரைபடத்தில் இல்லாத விஷயம். பன்றிகள் மண்ணைக் கிளறிப் போட்ட இடத்தில் மாட்டுக்கு மேய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு வறட்சி வந்தது. இங்கே வடக்கில் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு மாதம் வானம் வெளுத்துப்போகும். அந்த ஆண்டு மாட்டுப் பொங்கலுக்குப் போயிருந்தேன். கொம்புகளுக்கு நீலமும் சிவப்பும் பூசி, கழுத்தில் கரும்புத் துண்டும் வடையும் கோத்துக் கட்டியிருந்தார்கள். மாலைக்குக் கீழே விலா எலும்புகள் தெரிந்தன. மச்சானின் மனைவி ஆரத்தி எடுத்தார். தட்டில் இருந்த வெற்றிலையை ஒரு பசு நாக்கை நீட்டி இழுத்துத் தின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அது தட்டையும் நக்கத் தொடங்கியது.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் மாடுகள் வேலியைத் தள்ளிக்கொண்டு மறுநடவுப் பகுதிக்குள் போயின. மேனேஜர் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினாராம். மூன்று வரிசை இளம்பனைகள், குருத்து மேயப்பட்டு, நடுவில் குச்சியாக நின்றன. மேனேஜர் நல்ல மனிதர். கத்தவில்லை. கடிதம் மார்ச் மாதம் முடிகிறது, நாற்பதுக்குள் கொண்டுவராவிட்டால் அடுத்த கடிதம் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மச்சான் இதை எனக்குச் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். மச்சான் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு.

“அத்தான், நாய் திரும்பி வந்திருச்சு. பெரிய மாடு ஒன்னு போச்சு. வயிறு கிழிஞ்சு கெடக்கு. நீங்க அந்த மனு மாதிரி இன்னொன்னு எழுதுங்க.”

“எழுதி?”

“மாட்டைக் குறைக்கச் சொல்றாரு. நாய் தொல்லைன்னு எழுதிக் குடுத்தா, கொஞ்ச நாள் பொறுப்பாரு இல்ல?”

கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. போனேன். வழியெல்லாம் என் மனு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டது என்பதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

பசு பனைவரிசைக்கு நடுவில் கிடந்தது. கொம்பில் பொங்கல் நீலம் அப்படியே இருந்தது. வயிற்றின் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பெரிய உடும்பு தலையை வெளியே எடுத்து எங்களைப் பார்த்தது. அவசரமில்லாமல் நகர்ந்து போனது. சுற்றிலும் மண்ணில் நாய்த் தடம் ஒன்றுகூட இல்லை. மச்சான் தோளில் மஞ்சள் துணி மடித்துப் போட்டிருந்தார்.

“நாய் எங்கே?” என்றேன்.

அவர் துணியைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“இந்தத் தடவை எலும்பைப் பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன். உனக்கு வேணாம்னா சொல்லு, துணியைப் போத்து, பொதைச்சிரலாம். ஆனா எழுத மாட்டேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் கண்ணைக் கையால் மூடினார்.

“பாக்கட்டும்,” என்றார். “அன்னிக்கே பாத்திருக்கணும்.”

என் கோடரியைக் காரிலேயே விட்டிருந்தேன். மச்சான் பட்டிக்குப் போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. எங்கே என்று கேட்டார். காட்டினேன். தோலை நான் விலக்கினேன். ஒரே வெட்டில் அவரே பிளந்தார்.

உள்ளே சிவப்பு. ஆட்டெலும்பு சூப் குடிக்கும்போது எலும்பைத் தட்டினால் வெள்ளையாக ஒன்று விழுமே, அந்த இடத்தில் நீர்த்துப்போன சிவப்புக் கூழ். அவர் விரலை வைத்தார். ஒட்டியது. விரலை மண்ணில் துடைத்தார். பிறகு நான் வாயைத் திறந்து காட்டினேன். கடைவாய்ப் பற்கள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தன. இருக்கிற கொஞ்சப் புல்லையும் அரைக்க அதனால் முடிந்திருக்காது.

மச்சான் மறுபடி விரலை மண்ணில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அந்த மொதக் கெழவி? அந்த அஞ்சும்?”

“தெரியாது. நீ பொதைச்சிட்ட. நான் எழுதிட்டேன்.”

“நாய் கொல்லலையா?”

“சிலதைக் கொன்னிருக்கலாம். ஆனா எது விழப்போறதுன்னு பாத்துக் கொன்னிருக்கும்.”

அவர் துணியை விரித்து மாட்டின்மேல் போர்த்தினார். பிளந்த காலையும் மூடினார். துணி எட்டாத இடத்தில் தன் துண்டை வைத்தார்.

“இப்ப என்னங்கறீங்க? நாய் செஞ்சத நான் செய்யணுமா?”

நான் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த எந்த விதிமுறையிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நானும் அவரும் தெரிந்த வழிகளையெல்லாம் முயன்றோம். மாடுகளை வைத்துப் பராமரிக்கும் கோவில் பட்டி ஒன்றைக் கேட்டோம். அங்கே ஏற்கெனவே நெரிசல். பைராம் தோட்டத்துப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டோம். அவர் தன்னுடையதில் பத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று எங்களைக் கேட்டார். கடைசியில் ஒரு மாட்டு வியாபாரியின் லோரிக்குச் சொல்லி அனுப்பினார் மச்சான். கிழக்கே கிளந்தான் மாநிலத்துக்குக் கொண்டுபோகிறவர். வளர்ப்பதற்கா என்று மச்சான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று நான் பார்த்தேன்.

பதினொன்று போக வேண்டும். நாய்கள் கொன்றதாக நான் எழுதியது ஒன்பது. நாய்கள் கேட்டதைவிட இரண்டு கூடுதல்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க, அத்தான்,” என்று கோடு போட ஒரு சாக்குக்கட்டியை என்னிடம் கொடுத்தார். “எனக்கு எல்லாம் ஒன்னாத்தான் தெரியுது.”

பொய். ஒவ்வொன்றின் பாட்டியையும் அவருக்குத் தெரியும்.

பட்டியில் அவர் ஒவ்வொன்றாகத் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். இடுப்பைத் தொட்டு, மடியை அமுக்கி, நடக்கவிட்டு, கால் நொண்டுகிறதா என்று கவனித்தேன். நொண்டியதையும், பல் போனதையும், இரண்டு ஆண்டாகச் சினைபிடிக்காததையும் முதுகில் கோடு போட்டேன். மந்தையை ஓடவிட்டு ஓநாய்கள் தெரிந்துகொள்வதை நான் பல்லிலும் மடியிலும் தேடினேன். அவை இதைவிட வேகமாகச் செய்யும். செய்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்காது.

பத்துக் கோடு போட்ட பிறகு ஒரு கொம்பு வளைந்த பசு வந்தது. என் மனைவி அந்த வீட்டில் படுத்திருந்த ஆண்டில் தினமும் காலையில் ஜன்னலுக்கு வரும். வாழைப்பழத் தோலை அவள் கையிலிருந்து வாங்கித் தின்னும். கை தூக்க முடியாமல் போன நாட்களில் அது தலையை உள்ளே நீட்டி, போர்வைமேல் கிடந்த தோலைத் தானே எடுத்துக்கொள்ளும். ஜன்னல் கட்டையில் அதன் எச்சில் கறை வெகுநாள் இருந்தது.

வாயைத் திறந்தேன். நான்கு கடைவாய்ப் பற்கள் இல்லை.

மச்சான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். “இது கெடக்கட்டும் அத்தான்,” என்றார். “வேற ஒன்னு பாப்போம்.”

வேறு ஒன்று என்றால் அடுத்து நின்றது ஐந்து வயதுச் சினைப்பசு. நான் கொம்பு வளைந்ததன் முதுகிலேயே கோடு போட்டேன். அவசரமாகப் போட்டதால் கட்டி உடைந்தது. மச்சான் பிடித்திருந்த தலையை விட்டுவிட்டு அதன் கழுத்தடியை ஒருமுறை சொறிந்துகொடுத்தார்.

மாடுகளை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகப் பெர்மிட் வேண்டும். அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘கொண்டுசெல்லும் காரணம்’ என்ற கட்டத்தில் ‘மேய்ச்சல் போதவில்லை’ என்று எழுதினேன். எந்த அதிகாரியும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. லோரி வந்த காலையில் மச்சானின் மனைவி பதினொன்றுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தார். மச்சான் வரவில்லை, மறுநடவு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மார்ச்சில் கடிதம் வந்தது. அதே இரண்டு நிபந்தனைகள்.

மழை திரும்பியபின் புல் கொஞ்சம் தலையெடுத்தது. கன்றுகளுக்கு மட்டும் பழைய துத்தநாகத் தகட்டால் ஒரு கொட்டில் அடித்து, முதல் இரண்டு மாதம் மாலையானதும் உள்ளே அடைக்கச் சொன்னேன். முதல் கன்று செத்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய யோசனை அது. இலாகாவின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. என் ஒன்பது படிவ மனுவில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே இருந்தேன். மாடுகள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பனைவரிசையின் கோடியில் நான்கு நாய்கள் நின்றன. புதியவை. யாரோ, எங்கோ வீடு மாறியிருக்கிறார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் மச்சான்.

“பாத்தேன்.”

மனுவைப் பற்றி அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கல் எடுக்கக் குனிந்து, எடுக்காமலே நிமிர்ந்தார்.

நாய்கள் ஓடிவந்தன. மந்தை கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு பசுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, கன்றுகளைப் பின்னால் விட்டு, தலையைத் தாழ்த்தி நின்றன. நாய்கள் அந்த வரிசைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தன. ஒரு நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. பிறகு நான்கும் திரும்பி, வந்த வழியே போய்விட்டன.

“போயிருச்சு லா,” என்றார் மச்சான் மெதுவாக.

அவை தேடிய நொண்டியும் கிழடும் மந்தையில் இல்லை. நாங்கள் முந்திக்கொண்டிருந்தோம்.